மண்ணில்லாமல் ஒரு கீரைப் பாத்தி

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் மண்ணில்லாமல் காய்கறி வளர்ப்பதைப் பற்றி எழுதப் புகுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனதைப் போலத் தோன்றக் கூடும். குறுவை, சம்பா, தாளடி என்று தலைமுறை தலைமுறையாக நெல்லை விளைவித்துவரும் குடியானவருக்கு மண்ணின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் கிராமங்களில் ஏதேனும் ஒரு வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்து பாருங்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டி, வடிய வழியின்றிக் களிமண்ணில் நீர் தேங்கி நிற்கும். விதைத்த கீரை அழுகிப் போயிருக்கும். கத்தரிச் செடி இலை பழுத்துச் சாய்ந்திருக்கும். பத்தாயத்தில் நெல் இருக்கும் வீட்டிலும் குழம்புக்குக் காய் இராது.

அந்நாட்களில் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து லாரியில் வரும் காய்கறிகளையே நாம் நம்பியிருக்கிறோம். மழையால் வரத்துக் குறைந்தால் விலை ஏறுகிறது. விலை ஏறினால் முதலில் காயை நிறுத்துவது கூலி வேலை செய்யும் குடும்பமேயாகும். சோறு வயிற்றை நிரப்பும். ஆனால் இரத்தத்துக்கு வேண்டிய இரும்புச் சத்தையும், கண்ணுக்கு வேண்டிய உயிர்ச் சத்தையும் கீரையும் காயுமே தரவேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இது சிறிய விஷயமன்று. ஆகவே, மழைக்காலத்தில் தேங்கும் நீருக்கு மேலே, திண்ணையிலோ மாடியிலோ ஒரு கீரைப் பாத்தியை அமைக்க முடியுமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயும் கேள்வி.

மண் செய்யும் வேலை என்ன?

செடிக்கு மண் இரண்டு உதவிகளைச் செய்கிறது. ஒன்று, வேரைப் பிடித்து நிறுத்துகிறது. மற்றொன்று, நீரையும் அந்நீரில் கரைந்த சத்துக்களையும் காற்றையும் வேருக்குக் கொடுக்கிறது. இவ்விரண்டையும் வேறு வழியில் கொடுத்து விட்டால், மண் இல்லாமலும் செடி வளரும். ஜெர்மனியில் சாக்ஸ், நாப் என்னும் விஞ்ஞானிகள் 1860-களிலேயே உப்புக்கள் கரைந்த நீரில் செடிகளை வளர்த்துக் காட்டினர். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கெரிக்கி இதனைப் பெருமளவில் செய்து, 1937 ஆம் ஆண்டில் ஹைட்ரோபோனிக்ஸ் என்னும் பெயரை வழங்கினார். நாம் அதனை நீர்வளர்ப்பு என்போம்.

இது மேல்நாட்டாருக்கு மட்டுமே உரிய வித்தை என்று எண்ண வேண்டா. ஷோல்டோ டக்ளஸ் என்னும் ஆங்கிலேயர் 1946 ஆம் ஆண்டில் வங்காளத்தில் அன்று டார்ஜிலிங் மாவட்டத்தில் இருந்த காளிம்போங்கில் இதற்கான சோதனைகளைத் தொடங்கினார். விலையுயர்ந்த இயந்திரங்களை நீக்கி, சரளையும் மணலும் நிரப்பிய எளிய தொட்டிகளில், உப்புக்களைத் தூவி நீர் ஊற்றினால் போதும் என்ற அளவுக்கு முறையைச் சுருக்கினார். 1951 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல் இதனை ‘வங்காள முறை’ என்றே அழைக்கிறது. நம்மைப் போலவே நெல் விளையும் பிலிப்பைன்ஸ் நாட்டில், லாஸ் பானோஸ் பல்கலைக்கழகத்தார் கருக்கிய உமியையும் பழைய தெர்மோகோல் பெட்டிகளையும் கொண்டு வீட்டுக்கேற்ற முறையொன்றை உருவாக்கியுள்ளனர். அரிசி ஆலைகள் நிறைந்த நம் வட்டாரத்தில் உமிக்கும், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் தேங்காய் நார்க்கழிவுக்கும் குறைவேது?

தொட்டி அமைக்கும் விதம்

மோட்டார் வைத்து நீரைச் சுழலவிடும் முறைகளும் உள்ளன. அவற்றை நாம் சிபாரிசு செய்யவில்லை. 2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் தேதி கஜா புயல் அடித்தபின் பல கிராமங்களில் எத்தனை நாட்கள் மின்சாரம் இல்லாதிருந்தது என்பதை நாம் மறக்கவில்லை. மோட்டார் நின்றால் அத்தகைய தொட்டியிலுள்ள செடிகள் விரைவில் வாடிவிடும். ஆகையால் மின்சாரம் வேண்டாத முறையே நமக்கு உகந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கிராட்கி என்பவர் விளக்கிய வழி இதுவாகும்.

சுமார் 20 லிட்டர் கொள்ளும், ஒளி புகாத, மூடியுள்ள தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்க. பூச்சிமருந்து இருந்த பாத்திரம் எக்காரணத்தாலும் கூடாது. மூடியில் ஆறு துளைகள் இட்டு, அடியில் ஓட்டைகள் போட்ட சிறு குவளைகளை அவற்றில் பொருத்துக. குவளையில் கருக்கிய உமியையும், இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிய நார்க்கழிவையும் சமமாகக் கலந்து நிரப்பி நாற்றை நடுக. நார்க்கழிவை அலசாவிட்டால் அதிலுள்ள உப்பு வேரைக் கெடுக்கும். குவளையின் அடிப்பாகம் சுமார் 2 சென்டிமீட்டர் நனையும் அளவுக்குத் தொட்டியில் சத்துநீர் இருக்கவேண்டும்.

செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். இறங்கிய இடத்தில் உள்ள வேர்கள் காற்றை உட்கொள்ளும். அடியில் உள்ள வேர்கள் நீரை உறிஞ்சும். இதுவே இம்முறையின் இரகசியம். எனவே நீர் குறைந்தது என்று மீண்டும் விளிம்பு வரை நிரப்பக்கூடாது. கால்பங்குக்கு வந்தபின் பாதியளவு வரை நிரப்பினால் போதுமானது.

சிறுகீரை, அரைக்கீரை, பாலக், புதினா ஆகியவை இதற்கு ஏற்றவை. வாய்க்கால் ஓரத்தில் தானே படரும் பொன்னாங்கண்ணியைக் கிள்ளி வைத்தாலும் வேர்விடும். தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவற்றுக்கு வங்காள முறையைப் போல, அடியில் வடிகால் துளையுள்ள தொட்டியில் செங்கல் ஜல்லியும் நார்க்கழிவும் நிரப்பி, நாள்தோறும் சத்துநீர் ஊற்றுவது நலம். எதுவாயினும் நாளொன்றுக்கு 5 மணி நேரமாவது வெயில் படவேண்டும். கூரைத் தண்ணீர் சொட்டும் இடம் ஆகாது.

சத்துநீர் தயாரித்தல்

கைக்கு எளிதாகக் கிடைக்கிறதே என்று யூரியாவைக் கரைத்து ஊற்றுவது தவறு. மண்ணில் உள்ள நுண்ணுயிர்களே யூரியாவைச் செடி நன்கு ஏற்கும் உருவுக்கு மாற்றித் தருகின்றன. தொட்டி நீரில் அந்த உதவி கிட்டாது. ஆகவே சொட்டுநீர்ப் பாசனக்காரர்கள் வாங்கும், நீரில் முற்றும் கரையும் உரங்களையே உபயோகிக்க வேண்டும். 100 லிட்டர் நீருக்கு வேண்டிய அளவு பின்வருமாறு:

கால்சியம் நைட்ரேட் 80 கிராம். பொட்டாசியம் நைட்ரேட் (13-0-45) 40 கிராம். மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் (0-52-34) 20 கிராம். மக்னீசியம் சல்பேட் 40 கிராம். இவற்றோடு, இரும்பு, துத்தநாகம், போரான் முதலியவை அடங்கிய நுண்ணூட்டக் கலவையைப் பொட்டலத்தில் குறித்துள்ள அளவில் சேர்க்கவும்.

கால்சியம் நைட்ரேட்டை மட்டும் தனியாக 1 லிட்டர் நீரில் கரைத்து ஒரு புட்டியிலும், மற்ற உரங்களை 1 லிட்டர் நீரில் கரைத்து வேறொரு புட்டியிலும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் செறிவான நிலையில் ஒன்றாகக் கலந்தால் சுண்ணாம்பு போல வெண்மையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும், செடிக்குப் பயன்படாது. 20 லிட்டர் நீரில் முதற் புட்டியிலிருந்து 200 மில்லி ஊற்றிக் கலக்கி, பிறகு இரண்டாவதிலிருந்து 200 மில்லி ஊற்றவேண்டும். இளநாற்றுக்கு இதில் பாதி போதும்.

நீரின் அமில காரக் குறியீடு 5.5 முதல் 6.5 வரை இருத்தல் நன்று. நாகப்பட்டினம், வேதாரணியம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் கரிக்கும் கிணற்று நீர் இதற்கு ஏற்றதன்று; கூரையிலிருந்து பிடித்த மழைநீரே சிறந்தது. புதுத் தளிர்கள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால், இரும்புச் சத்து செடிக்கு எட்டவில்லை என்று அறிக.

நாம் பட்ட அனுபவம்

ஊரார்க்குச் சொல்வதற்கு முன் செய்து பார்ப்போம் என்று நமது குடியிருப்பின் கொல்லையில் மூன்று தொட்டிகளை வைத்தோம். முதலாவது, ஒளி புகும் கண்ணாடி போன்ற டப்பா. பத்தே நாளில் உள்ளே பாசி படர்ந்து செடிக்குரிய சத்தைத் தின்றுவிட்டது. இரண்டாவதில், அக்கறையின் மிகுதியால் நாள்தோறும் விளிம்பு வரை நீர் ஊற்றினோம். காற்றில்லாமல் வேர் பழுப்பேறி அழுகியது. மூன்றாவதில் கீரை செழித்தது. ஆனால் வீடு வீடாகச் சென்று தேங்கிய நீரைக் கொட்டும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் ஒருநாள் வந்து, மூடியின் ஓரத்து இடைவெளியைத் திறந்து, நெளியும் புழுக்களை நம்மிடமே காட்டினார்கள். தேங்காய் ஓட்டில் நீர் நிற்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் நாம் தலைகுனிந்து நின்றோம்.

இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒன்றரை வாரம்கூடத் தேவையில்லை. கீரைக்காக வைத்த தொட்டி காய்ச்சலுக்கு வித்தாகிவிடக்கூடாது. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். குவளைக்கும் துளைக்கும் இடையே சந்து இருத்தல் ஆகாது. காற்றுக்காக விடும் துளைக்கு நுண்ணிய வலை கட்ட வேண்டும். வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். இவற்றைச் செய்ய இயலாத வீட்டில், நீர் தேங்காத ஜல்லித் தொட்டியே போதுமானது.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

இம்முறை வயலுக்கு மாற்று அன்று. கொல்லை காய்ந்திருக்கும் மாதங்களில் மண்ணில் விளையும் கீரைக்கு ஈடான சிக்கனமும் இதில் இல்லை. மழை மாதங்களிலும், இரண்டு மூன்று சென்ட் மனைக்கட்டு மட்டுமே உள்ள குடும்பங்களிலுமே இதற்கு உண்மையான பயன் உண்டு.

செலவு எங்கே கூடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 1 கிலோ கால்சியம் நைட்ரேட் 1,250 லிட்டர் நீருக்கு, அதாவது சுமார் 60 தொட்டிகளுக்குப் போதும். ஒரு தொட்டி வைத்திருப்பவர் ஐந்து பொட்டலங்களை வாங்கினால் பெரும்பகுதி வீணாகும். ஆகையால் உரத்தைத் தனித்தனியே வாங்காமல், ஊரிலுள்ள மகளிர் சுய உதவிக் குழு ஒன்று மொத்தமாக வாங்கி, அளந்து, இரு புட்டிகளாகக் கரைத்து வீடுகளுக்குக் கொடுக்கலாம். உரத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பதும், பழைய சத்துநீரைக் குளத்தில் கொட்டாமல் வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றுவதும் அவர்கள் கற்றுத்தர வேண்டியவை.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் முதலில் அங்கன்வாடியிலோ பள்ளியிலோ நான்கு தொட்டிகளை வைத்து, புரட்டாசியில் தொடங்கி மார்கழி முடிய நடத்திப் பார்ப்பார்களாக. எத்தனை கட்டு கீரை கிடைத்தது, எவ்வளவு செலவாயிற்று, கொசுப்புழு இருந்ததா என்று ஒரு நோட்டில் வாரந்தோறும் குறித்து வரட்டும். அந்தக் கணக்கைக் கிராம சபையில் படித்துக் காட்டியபின், வேண்டும் என்போர் தம் வீட்டில் வைக்கட்டும். நல்லது என்று ஊர் தானே கண்டு ஏற்றுக்கொண்ட காரியமே நிலைக்கும். வயலில் நீர் நிறைந்து நிற்கும் அந்தக் கார்த்திகை நாட்களிலும், சம்பா நாற்று நட்ட கைகளின் வீட்டுத் தட்டில் ஒரு பிடி கீரை இருக்குமானால், நாம் தலைகுனிந்து கற்ற பாடமும் வீண்போகவில்லை என்று கொள்வோம்.