மூத்திரப்பைக்குக் கடை வைத்தியம்

வடபழனியில் ஆர்க்காட்டுச் சாலையை ஒட்டிய மருந்துக் கடைகளில் மாலை வேளையில் சற்று ஒதுங்கி நின்று கவனிப்பவர்களுக்கு ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். வயது முதிர்ந்த ஒருவர் குரலைத் தாழ்த்தி, "ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது தம்பி, அடக்குகிறதுக்கு ஏதாவது கொடுங்க" என்கிறார். தம்பியும், சர்க்கரை உண்டா, பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளாமல், அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுத்துவிடுகிறார். சீட்டும் இல்லை, பில்லும் இல்லை. இரண்டொரு நாளில் நீர் அடியோடு கட்டிக்கொண்டு, நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட நேரும்போதுதான், விழுங்கிய மாத்திரையின் பெயரைக்கூட வீட்டில் ஒருவரும் அறியார் என்பது வெளிப்படுகிறது.

மூத்திரப்பை வெறும் தோற்பை அன்று. அதன் தசைச் செல்களிலும் நரம்பு நுனிகளிலும் கால்சியம், பொட்டாசியம் முதலிய அயனிகளுக்கு வழிவிட்டுத் திறந்து மூடும் சூட்சுமமான புரத வாயில்கள் இருக்கின்றன. பை நிரம்பிச் சுவர் இழுபடும்போது பியசோ2 என்ற வாயில் திறந்து நரம்புக்குச் செய்தி தருகிறது. பிறவியிலேயே அது பழுதுபட்டவர்கள் பை நிரம்பியதைச் சரிவர உணராமல், கடிகாரத்தைப் பார்த்துக் கழிப்பறைக்குப் போகிறார்கள் என்று 2020-ல் ஆராய்ச்சியாளர் தெரிவித்தனர். பியசோ வாயில்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனுக்கு மறு வருஷமே நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பை நிரம்பும் வரை பொட்டாசிய வாயில்கள் தசையை அமைதியாக வைத்திருக்கின்றன. கழிக்க வேண்டிய தருணத்தில் நரம்பு நுனியிலிருந்து அசிடைல்கோலின் சுரக்க, கால்சியம் உட்புகுந்து தசை சுருங்குகிறது.

இந்தக் கால்சிய வாயில்கள் ரத்தக் குழாய்களிலும் உண்டு என்பதே நாம் கவனிக்கத் தவறுகிற விஷயம். ரத்தக் கொதிப்புக்காக லட்சக்கணக்கானோர் சாப்பிடும் அம்லோடிபின் அவற்றையே அடைக்கிறது. அதனால் சிலருக்குக் கணுக்காலில் நீர் கோத்து, இரவில் படுத்ததும் அந்த நீர் ரத்தத்தில் சேர்ந்து சிறுநீராகிறது. காரணம் காலில் இருக்க, மருந்து பைக்கு என்றால் எப்படிக் குணமாகும்? இதைப் படித்துவிட்டுப் பிரஷர் மாத்திரையை யாரும் நிறுத்திவிடக் கூடாது. மாற்ற வேண்டியவர் மருத்துவர். அடக்குவதற்கென்று கொடுக்கப்படும் சாலிஃபெனசின், ஆக்சிபியூட்டினின் போன்றவை அசிடைல்கோலினைத் தடுப்பவை; வாய் உலரும், மலம் கட்டும், முதியவர்களுக்குச் சித்தம் தடுமாறும், புராஸ்டேட் வீங்கியவர்களுக்கு நீர் கட்டிக்கொள்ளும். அதே போல் நீரைக் கட்டிவிடக்கூடும் என்பதால், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் ஜலதோஷ மாத்திரையைக்கூடத் தாமாக வாங்கலாகாது.

செய்ய வேண்டியது இதுதான். மூன்று நாள், எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு கழித்தீர்கள் என்று அளவுக் குவளை வைத்து ஒரு தாளில் எழுதுங்கள். ரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். எரிச்சல் இருந்தால், ஆன்டிபயாடிக் தொடங்குமுன் சிறுநீர் கல்ச்சருக்குக் கொடுத்துவிடுங்கள். தொடங்கிய பின் கொடுத்தால் கிருமி அகப்படாமல் போகலாம். அந்தத் தாளையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துக்கொண்டு சிறுநீரகப் பிரிவுக்குச் செல்லுங்கள். வடபழனி மெட்ரோவில் ஏறினால், ரயில் மாறாமலே கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சென்ட்ரலுக்கு எதிரேயுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ போய்விடலாம். வெட்கம் இதில் எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை.

கடைக்காரரிடம் உங்களுக்கு உரிமை உண்டு என்பதையும் மறவாதீர்கள். 'ஆர்எக்ஸ்' குறி உள்ள மருந்தைச் சீட்டின்றி விற்பது 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளுக்கு விரோதம். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் கண்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். பெயரும் தேதியும் போய்விடும்படி கத்தரித்த துண்டை ஏற்காதீர்கள். பில் மறுக்கப்பட்டால், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், அண்ணா சாலை 359-ஆம் எண்ணில் இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர் அலுவலகத்துக்குக் கடை, தேதி, மருந்து மூன்றையும் குறித்து எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாரிகள் தாமாக வந்து பார்ப்பார்கள் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். மருந்தினால் உபாதை நேர்ந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணுக்கு வேலை நாளில் தெரிவிக்கலாம். நோயாளிகளே நிரப்பக்கூடிய படிவம் தமிழிலும் இருக்கிறது. எந்த மருந்து, எந்தத் தேதியில் தொடங்கியது, என்ன நேர்ந்தது என்பவற்றைச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கும் பில்லும் முழு அட்டையும் வேண்டும்.

கடைசியாக ஒன்று: பை நிரம்பி வலிக்க, ஒரு சொட்டும் இறங்காவிட்டால் இன்னொரு மாத்திரை போட்டு விடியும் வரை பார்க்காதீர்கள், 108-ஐ அழைத்து அப்போதே புறப்படுங்கள்.