மேப் பார்க்காமல் வழி சொல்லும் மூளை: தலைக்குள் இருக்கும் 'ஜிபிஎஸ்' எப்படி வேலை செய்கிறது?

நடுராத்திரி கரன்ட் போனாலும், வீட்டில் எதிலும் முட்டிக்கொள்ளாமல் கிச்சன் வரை போய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். கண்ணே தெரியாத இருட்டில் வழி காட்டுவது மூளையில் உள்ள சில செல்கள்தான்.

'நீ இருப்பது இங்கே'

1971-ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஜான் ஓ'கீஃப், எலிகளின் மூளையில் மெல்லிய மின்கம்பிகளைப் பொருத்தி நடமாட விட்டார். நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் ஒரு செல், எலி குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வந்தால் மட்டும் துடித்தது. இன்னோர் இடத்துக்குப் போனால் வேறொரு செல். இவைதான் 'பிளேஸ் செல்'கள்.

கோலப் புள்ளி மாதிரி

2005-ல் நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழுவினர் அடுத்த ஆச்சரியத்தைக் கண்டுபிடித்தார்கள். ஹிப்போகேம்பஸுக்குப் பக்கத்தில் உள்ள என்டோரைனல் கார்டெக்ஸில், ஒரே செல் பல இடங்களில் துடித்தது. அந்த இடங்களைக் குறித்துப் பார்த்தால், இடைப்புள்ளி வைத்த கோலம் போல சீரான அறுகோணங்கள்! இந்த 'கிரிட் செல்'கள், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணக்குப் போட உதவுவதாக விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, சுவர் எங்கே இருக்கிறது என்று சொல்லவும் தனித்தனி செல்கள் உண்டு.

ஓ'கீஃபுக்கும் மோசர் இணைக்கும் 2014-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

டாக்ஸி டிரைவரும் பஸ் டிரைவரும்

லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்ட, சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாகத் தெரிந்துவைத்துத் தேர்வில் பாஸாக வேண்டும். எலினார் மக்வயர் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த டிரைவர்களின் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது.

பிறவியிலேயே அப்படியா? 79 பயிற்சியாளர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பாஸான 39 பேருக்கு மட்டுமே அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. அதே லண்டன் டிராஃபிக்கில் ஓட்டினாலும், தினமும் ஒரே ரூட்டில் போகும் பஸ் டிரைவர்களின் மூளையில் அந்த அளவு மாற்றம் இல்லை.

நீலக் கோடு மட்டும் போதுமா?

செல்போன் சொல்லும்போது ரைட், லெஃப்ட் எடுக்கும் நாமும் கிட்டத்தட்ட பஸ் டிரைவர் மாதிரிதான். லண்டனின் சோஹோ பகுதியில் 24 பேரை வைத்து நடத்தி 2017-ல் வெளியான ஆய்வும் அதையே காட்டுகிறது. தாங்களே வழி யோசித்தவர்கள் புதுத் தெருவுக்குள் நுழைந்ததும் ஹிப்போகேம்பஸ் சுறுசுறுப்பானது. ஜிபிஎஸ் சொன்னபடி போனபோது அந்தத் துடிப்பு தெரியவில்லை.

மேப் போட்டால் மறதி நோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் புது இடத்துக்குக் கிளம்பும் முன் முழு ரூட்டையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, திரும்பி வரும்போது வாய்ஸை ஆஃப் செய்து பார்க்கலாம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால்...

அல்சைமர் நோய் முதலில் தாக்கும் பகுதிகளில் ஒன்று, கிரிட் செல்கள் உள்ள என்டோரைனல் கார்டெக்ஸ். அதனால் பெயர், தேதி மறப்பது மாதிரியே, பழகிய தெருவில் வழி தவறுவதும் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம். தினமும் போகும் கடையிலிருந்து வீடு திரும்ப அப்பாவோ அம்மாவோ தடுமாறினால், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போவது நல்லது.