இடிந்த மைதானத்தின் கடன்

அமெரிக்காவில் ஸீயாட்டில் நகரத்துக் கிங்டோம் என்னும் விளையாட்டு மைதானம் பொதுப் பணத்தில் கட்டப்பெற்று 1976-ம் வருஷத்தில் திறக்கப்பட்டது; 2000-ம் வருஷத்தில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. கட்டின கடனும் பழுது பார்த்த கடனும் 2015-ம் வருஷத்தில்தான் தீர்ந்தன! இல்லாத கட்டடத்துக்குப் பதினைந்து வருஷம் வரிப்பணம் போயிற்று.

இதனினும் விபரீதம் ஒன்றுண்டு. பேஸ்பால் கோஷ்டிக்குப் புது மைதானம் கட்ட வரி விதிக்கலாமா என்று 1995-ம் வருஷம் செப்டம்பரில் அங்குள்ள ஜனங்களிடம் வோட்டுக் கேட்டார்கள். சொற்ப வித்தியாசத்திலேனும், கூடாதென்றே விடை வந்தது. கோஷ்டி ஊரை விட்டுப் போய்விடுமென்ற மிரட்டலுக்கு வளைந்து, ராஜ்ய சட்டசபையார் ஒரு மாதத்துக்குள் ஹோட்டல் சாப்பாட்டின் மீதும் வாடகைக் கார்களின் மீதும் வரி போட வழி செய்துவிட்டனர். முதலாளிகள் தங்கள் வியாபாரத்துக்குத் தாங்களே முதல் போடுவதற்கென்ன? ஜனங்களின் மறுப்பை ஏற்க மனமில்லாதவர்கள் அவர்களிடம் வோட்டுக் கேட்பானேன் என்று நாம் வினவுகிறோம்.