ஆகஸ்ட் மாச கோவா ஆஃபர்: தள்ளுபடி நிஜம்தான், வில்லா நிஜமா?

போன வருஷம், அதாவது 2025 ஆகஸ்ட் கடைசியில, ஐடிஆர் போடறதுக்காக ஒரு தம்பி நம்ம ஓசூர் ஆபீஸுக்கு வந்தார். வயசு 25. சிப்காட்ல ஒரு உதிரிபாக கம்பெனியில வேலை, கைக்கு வர்ற சம்பளம் 27,000 ரூபாய். எல்லாம் முடிஞ்சு கிளம்பும்போது கதவுகிட்ட நின்னு கேட்டார்: "சார், ஏமாந்த பணத்தை டாக்ஸ்ல கழிச்சுக்க முடியுமா?"

முடியாது. சம்பளக்காரருக்கு சொந்தச் செலவுல வந்த நஷ்டத்துக்கு வரிக் கழிவு எதுவும் இல்லை. ஆனா அந்தக் கேள்விக்குப் பின்னாடி இருந்த கதையைக் கேட்டதும், இதை எழுதியே ஆகணும்னு தோணிச்சு.

ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு சேர்த்தா மூணு நாள். ரூம்ல இருக்கற ஆறு பேரும் கோவா போறதா முடிவு. பொறுப்பா இருக்கறவர்னு இவர்கிட்ட எல்லாரும் பணத்தைக் கொடுத்துட்டாங்க. இன்ஸ்டாகிராம்ல கலங்குட் பக்கத்துல நீச்சல் குளத்தோட ஒரு வில்லா, மூணு பெட்ரூம், ஒரு ராத்திரிக்கு 6,500. ரெண்டு ராத்திரிக்கு 13,000. பாதி அட்வான்ஸ் 6,500 அனுப்பினார். மறுநாள் "திருப்பித் தரக்கூடிய டெபாசிட்" 5,000. அதுக்கடுத்து "18% ஜிஎஸ்டி" 2,340. ஆக மொத்தம் 13,840. லொகேஷன் கேட்டா பதில் வரலை. கேன்சல் பண்ணிடுங்கன்னு சொன்னதும் உடனே ஒரு க்யூஆர் கோடு வந்தது: "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, ரீஃபண்ட் ஏறிடும்." போட்டார். இன்னொரு 13,840 போச்சு. மொத்தம் 27,680. ஒரு மாசச் சம்பளத்துக்கும் மேல. அதுல முதல் பாதி நண்பர்களோட காசு. அதை அடைக்க லோன் ஆப்ல கடன் வாங்கியிருக்கார்.

"இவ்வளவு சீப்பா இருக்கேன்னு சந்தேகம் வரலையா?"ன்னு கேட்டேன். அவர் சொன்ன பதில் ரொம்ப சரி: "சார், ஆஃப் சீசன்ல எல்லா ஹோட்டலும் சீப்பாதானே இருந்துச்சு."

இதுதான் விஷயம். வழக்கமா நாம சொல்ற அறிவுரை, "விலை ரொம்பக் குறைவா இருந்தா நம்பாதீங்க". ஆஃப் சீசன்ல அந்த அளவுகோல் வேலை செய்யாது. ஆடித் தள்ளுபடி மாதிரிதான் இதுவும். ஹோட்டல்காரருக்கு ஊழியர் சம்பளம், பேங்க் தவணை, பராமரிப்பு எல்லாம் ரூம் காலியா இருந்தாலும் ஓடிக்கிட்டே இருக்கும். இன்னைக்கு ராத்திரி காலியா போன ரூமை நாளைக்கு சேர்த்து விற்க முடியாது. அதனால டிசம்பர்ல மூணு மடங்குக்குப் போற ரூமை ஜூலையில இறக்கிக் கொடுக்கறார். நிஜத் தள்ளுபடி. மோசடிக்காரனுக்கு ஒளிஞ்சுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அதனால விலையை வச்சு முடிவு பண்ணாதீங்க, வேற மூணைப் பாருங்க: காசு யார் பேருக்குப் போகுது, சொல்ற கணக்கு சரியா, சொல்ற விஷயம் அந்த மாசத்துல அங்கே இருக்கா.

முதல்ல பேரு. 2025 ஜூன் 30-க்குப் பிறகு, யுபிஐ-ல பணம் அனுப்பறதுக்கு முன்னாடி வாங்கறவரோட வங்கிக் கணக்குல இருக்கற பேரைத்தான் ஆப் காட்டணும்னு என்பிசிஐ விதி. நம்ம போன்ல நாம சேவ் பண்ணி வச்ச பேரோ, அவங்களே வச்சுக்கிட்ட பட்டப்பேரோ காட்டக் கூடாது. தம்பி அனுப்பின மூணு தடவையும் ஸ்கிரீன்ல வந்தது வில்லா பேர் இல்லை, யாரோ ஒரு தனி ஆள் பேர். அதுவும் மூணாவது தடவை வேற ஆள். "அக்கவுன்டன்ட் சார் பேருங்க"ன்னு சொன்னாங்களாம். அந்த ஒரு நொடி நின்னு படிக்கறதுதான் இந்தக் கட்டுரையிலேயே மிக லாபகரமான வேலை.

அடுத்தது கணக்கு. இங்கே என் தொழில் புத்தி கொஞ்சம் அதிகமா பேசும், பொறுத்துக்கோங்க. ஒரு நாள் வாடகை 7,500 வரைக்கும் இருக்கற ரூமுக்கு அப்போ ஜிஎஸ்டி 12%. 2025 செப்டம்பர் 22-ல இருந்து அது 5%. 7,500-க்கு மேல போனாத்தான் 18%. 6,500 ரூபா வில்லாவுக்கு 18% கேட்ட இடத்துலயே அவன் மாட்டியிருக்கணும். இன்னொண்ணு, ஜிஎஸ்டி கேட்கறவர்கிட்ட ஜிஎஸ்டி எண் இருந்தே ஆகணும். 15 இலக்கம். முதல் ரெண்டு எண் மாநிலக் குறியீடு: கோவா 30, கர்நாடகா 29, நம்ம தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. அடுத்த பத்தும் அவங்க பான் நம்பர். ஜிஎஸ்டி போர்ட்டல்ல "சர்ச் டேக்ஸ்பேயர்" பகுதியில போட்டா, லாகின் இல்லாமலே பதிவுப் பேரும் வியாபாரப் பேரும் பதிவு நடப்புல இருக்கா இல்லையான்னும் வந்துடும். ரெண்டு நிமிஷ வேலை.

சின்ன ஹோம்ஸ்டே வச்சிருக்கற அக்காவுக்கு ஜிஎஸ்டி எண் இல்லாம இருக்கலாம், அது தப்பில்லை. வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருந்தா பொதுவா பதிவு தேவையில்லை. ஆனா எண் இல்லைன்னா வரியும் வாங்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணுதான்.

மூணாவது, சீசன். கோவாவுல ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை. கடல் கொந்தளிப்பா இருக்கும், பாராசெயிலிங், ஜெட் ஸ்கீ மாதிரி கடல் விளையாட்டுகள் நிறுத்தி வைக்கப்படும். கடற்கரையில தற்காலிகமா போடற குடில் ஓட்டல்களை மே கடைசியோட பிரிச்சிடுவாங்க. லைஃப்கார்டுகள் சிவப்புக் கொடி நட்டு குளிக்க வேண்டாம்னு சொல்லுவாங்க. தூத்சாகர் அருவிக்குப் போற ஜீப் சஃபாரியும் மழைக்காலத்துல ஓடாது. இப்போ யாராவது "ஜூலை பேக்கேஜ், ஐந்து வாட்டர் ஸ்போர்ட்ஸ், தூத்சாகர் ஜீப் உட்பட தலைக்கு 2,999"ன்னு அனுப்பினா? ஒண்ணு ஏமாத்தறான், இல்லை மழையில திருட்டுத்தனமா படகுல ஏத்தப் போறான். ரெண்டாவது இன்னும் மோசம்.

நம்ம பக்கத்துல இருந்து நிறைய பேர் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, திண்டிவனம் வழியா பாண்டிச்சேரிக்கும் கார்ல போறாங்க. அங்கே காலண்டர் வேற. வடகிழக்குப் பருவமழை, அக்டோபர்ல இருந்து டிசம்பர். கோவா கூட்டம் பிடிக்க ஆரம்பிக்கற நேரத்துல பாண்டியில மழை கொட்டும். அந்த மூணு மாசத்துல படகுச் சவாரி சேர்த்த பேக்கேஜுக்கு முன்பணம் கட்டறதுக்கு முன்னாடி அன்னைய வானிலையைப் பாருங்க.

ஊருக்குப் போய் இறங்கினதும் அடுத்த செலவு பைக். கோவாவுல வாடகை ஸ்கூட்டருக்குக் கருப்பு நம்பர் பிளேட்ல மஞ்சள் எழுத்து இருக்கணும். வெள்ளை பிளேட் வண்டியை நூறு ரூபா குறைச்சுத் தருவாங்க, அது யாரோ ஒருத்தரோட சொந்த வண்டி. போலீஸ் பிடிச்சா அலைச்சல் உங்களுக்கு, விபத்துன்னா இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க நல்ல காரணம் கிடைச்சுடும். வண்டி எடுக்கும்போதே சுத்தி ஒரு வீடியோ எடுத்து, ஓனர் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிடுங்க. திருப்பித் தரும்போது "இந்தக் கீறல் புதுசு, 3,000 கொடு"ங்கற வசனம் அப்புறம் வராது. ஆஃப் சீசன்ல வாடகையில விட்டதை இந்தக் கீறல்லதான் சிலர் பிடிக்கறாங்க. ஒரிஜினல் லைசென்ஸையோ ஆதாரையோ அடமானம் மாதிரி கொடுத்துட்டு வராதீங்க. நகல் போதும், ஆதார்னா முதல் எட்டு இலக்கம் மறைச்ச மாஸ்க்டு ஆதார்.

ஹோட்டல் சாப்பாட்டு பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு தானா சேர்த்திருந்தா எடுக்கச் சொல்லலாம். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில போட்ட வழிகாட்டுதலை டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்ல உறுதி பண்ணிடுச்சு. வாக்குவாதமானா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915.

பணம் கட்டற முறைக்கு வருவோம். முடிஞ்சா "ஹோட்டலில் பணம் செலுத்து" வசதி இருக்கற புக்கிங்கை எடுங்க. சீசன் இல்லாத நேரத்துல ரூம் தீர்ந்து போயிடும்னு பயப்பட ஒண்ணுமே இல்லை. "இன்னும் ஒரு ரூம்தான் இருக்கு, பத்து நிமிஷத்துல கட்டுங்க"ன்னு மழைக்கால ஆகஸ்ட்ல ஒருத்தர் அவசரப்படுத்தினா எனக்குச் சிரிப்புதான் வரும். (ஆகஸ்ட் 15 மாதிரி நீண்ட வார இறுதி மட்டும் விதிவிலக்கு, அதனாலதான் தம்பி அவசரப்பட்டார்.) முன்பணம் கட்டியே ஆகணும்னா, ஹோட்டலோட நம்பரை மேப்ஸ்லயும் இன்னொரு புக்கிங் தளத்துலயும் ஒப்பிட்டுப் பார்த்துக் கூப்பிட்டுப் பேசிட்டு, கிரெடிட் கார்டுல கட்டுங்க. சேவை கிடைக்கலைன்னா கார்டு வங்கியில டிஸ்ப்யூட் எழுப்ப வழி இருக்கு. யுபிஐ-ல தனி ஆளுக்கு அனுப்பினதுக்கு அந்த வழி இல்லை.

பணம் வாங்கறதுக்குப் பின் நம்பர் வேணாம். ரீஃபண்டுக்கும் வேணாம், பரிசுக்கும் வேணாம். பின் கேட்டா பணம் உங்க கணக்குல இருந்து வெளியே போகப் போகுது. ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, நம்ம அலட்சியத்தால நாமளே தகவல் கொடுத்துப் போன பணம், வங்கிக்குப் புகார் சொல்ற வரைக்கும் நம்ம நஷ்டம். சொன்னதுக்கு அப்புறம் போறது வங்கியோட பொறுப்பு. அதனால ஒவ்வொரு நிமிஷமும் காசு.

தம்பி எத்தனை நாள் கழிச்சுப் புகார் கொடுத்தார்னு கேட்டேன். நாலு நாள். நண்பர்கள் முகத்துல எப்படி முழிக்கறதுன்னு பயம். "வீட்டுக்கும் சொல்லலை சார்." அன்னைக்கு என் ஆபீஸ்ல உட்கார்ந்தே அவர் கொடுத்த புகாரோட நிலையைப் பார்த்தோம். 1930-க்கு போன் பண்ணி, சைபர்கிரைம் போர்ட்டல்ல பதிவு பண்ணிருக்கார். முதல் 13,840 எப்பவோ வேற வேற கணக்குக்கு மாறிப் போயிருந்தது. ரெண்டாவது தொகையில 4,200 மட்டும் ஒரு கணக்குல முடக்கி வச்சிருக்காங்க. அதை வாங்க வங்கியும் போலீஸும் கேட்கற பேப்பர்களைச் சேர்த்துக்கிட்டு இருக்கோம்: யுபிஐ பரிவர்த்தனை எண்கள், ஸ்டேட்மென்ட், அந்த இன்ஸ்டா பேஜோட ஸ்கிரீன்ஷாட், சாட். நல்லவேளை, கோபத்துல சாட்டை அவர் அழிக்கலை.