இன்டெல் ஆலைக்கு வெளியார் ஆர்டர் வேண்டும்

பிராசசர் சந்தையில் இன்டெல் சறுக்கியதற்கு ஏஎம்டியின் வடிவமைப்புத் திறமையைக் காரணமாகச் சொல்வது பாதி உண்மைதான். சறுக்கல் தொடங்கிய இடம் ஆலை. 10 நானோமீட்டர் சிப்புகளை 2016-ஐ ஒட்டித் தருவதாகச் சொன்ன இன்டெலால் 2019-இல்தான் அவற்றைப் பேரளவில் தர முடிந்தது. 193 நானோமீட்டர் அலைநீள ஒளியை வைத்துக்கொண்டு அதைவிடப் பல மடங்கு நுண்ணிய கோடுகளை வரைய வேண்டியிருந்ததால், ஒரே அடுக்கைப் பல கட்டங்களாகச் செதுக்கினார்கள். கட்டத்துக்குக் கட்டம் பிழை கூடியது. ஒரு சிலிக்கான் தட்டில் தேறும் நல்ல சிப்புகள் குறைந்தன. 2009-லேயே சொந்த ஆலைகளை குளோபல்ஃபவுண்டரீஸ் என்று பிரித்துவிட்டிருந்த ஏஎம்டியோ, தைவானின் டிஎஸ்எம்சி 7 நானோமீட்டரில் செய்துகொடுத்த ரைசன், எபிக் சிப்புகளோடு 2019-இல் முந்திக்கொண்டது.

இன்டெலும் ஆலைகளைப் பிரித்துவிடலாமே என்று கேட்பவர்கள் வெறுமனே கேட்கவில்லை. 2024-இல் அதன் ஆலைப் பிரிவின் இயக்க நஷ்டம் மட்டும் 1,300 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால், பிரிந்துபோன குளோபல்ஃபவுண்டரீஸ் 2018-இல் 7 நானோமீட்டர் முயற்சியையே கைவிட்டது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். இன்டெலும் அந்த வழியில் போனால், முன்னணித் தொழில்நுட்பத்தில் டிஎஸ்எம்சிக்குப் போட்டியாகச் சொல்லத்தக்கது சாம்சங் மட்டுமே. நிலநடுக்கங்களும் சீனாவின் உரிமைக்கோரலும் சூழ்ந்த ஒரு தீவை உலகமே நம்பியிருப்பது ஆபத்து. ஆகவே ஆலையை வைத்துக்கொள்வதே சரி.

வைத்துக்கொண்டால் அதற்குத் தீனி போட வேண்டுமே! உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு 50,000 முறை லேசரால் அடித்து 13.5 நானோமீட்டர் ஒளியை உண்டாக்கி, அதைக்கொண்டு சிப்பின் கோடுகளை வரையும் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தின் எந்திரம் ஒன்றின் விலை 15 கோடி டாலருக்கும் மேல். அது இரவுபகலாக ஓடினால்தான் முதல் திரும்பும். சொந்தச் சரக்கு மட்டும் அதற்குப் போதாது. வெளியாருக்கும் சிப் செய்துதருவோம் என்று 2021-இல் இன்டெலின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி பேட் கெல்சிங்கர் அறிவித்தது அதனால்தான். ஆனால் ஆர்டர் வருமுன்னே கட்டடம் எழுப்பத் தொடங்கியது பெரும்பிழை. 2025-இல் உற்பத்தி தொடங்கும் என்ற ஒஹையோ ஆலை 2030-க்குத் தள்ளிப்போனது. ஜெர்மனியின் மாக்டபர்க் திட்டம் கைவிடப்பட்டது. அமெரிக்க அரசு 2025 ஆகஸ்டில் 890 கோடி டாலருக்குச் சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டதே, போதாதா என்றால், அந்தப் பணம் எந்திரம் வாங்க உதவும். வாடிக்கையாளரின் நம்பிக்கையைத் தராது. அடுத்த மாதம் என்விடியா அறிவித்த 500 கோடி டாலரும் பங்கு முதலீடுதான், ஆலைக்கான ஆர்டர் இல்லை. பெரிய வெளி வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் அடுத்த தலைமுறை 14ஏ தொழில்நுட்பத்தையே நிறுத்த நேரலாம் என்று 2025 ஜூலையில் இன்டெல் தானே எழுத்தில் தெரிவித்திருக்கிறது.