பனி விடுமுறையும் சிம்லா ஆபீஸும்

தமிழில் ‘பனி’ என்னும் ஒரே சொல், மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியையும், சாலையை மறைக்கும் மூட்டத்தையும், இமயத்தில் பஞ்சுபோல் விழும் படிகத்தையும் குறிப்பதால், பனி பெய்து பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள் என்று கேள்விப்படும் வெப்பநாட்டுக் குழந்தை, அதைத் தான் அறிந்த பனியாகவே எண்ணிக்கொள்கிறது. புனேயின் ராஸ்தா பேட் போன்ற பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அவர்கள் தெருவில் கேட்கும் மராத்தி, துளியைத் ‘தவ்’ என்றும், மூட்டத்தைத் ‘துகே’ என்றும், உறைந்ததைப் ‘பர்ஃப்’ என்றும் வேறுபடுத்திச் சொல்கிறது.

வெண்பனி என்பது மேகத்திலுள்ள நீராவி, நீராக மாறாமல் நேரே ஆறுமுனைப் படிகமாக உறைந்து, வழியில் உருகாமல் தரையை அடைவது. புனேயில் கோடை இடிமழையோடு விழும் ஆலங்கட்டியோ, மேகத்துக்குள் மேலெழும் காற்றில் நீர்த்துளிகள் உறைந்து, அடுக்கடுக்காகப் பருத்து விழும் பனிக்கட்டியாகும். புனே வானிலைப் பதிவேட்டில் மிகக் குறைந்த வெப்பநிலையே 1935 ஜனவரியில் பதிவான 1.7 டிகிரி செல்சியஸ்தான் என்பதால், வெண்பனி தங்குவதற்கான குளிர் இந்நகரத்துக்கு வாய்த்ததில்லை.

ஆயினும், பனி விடுமுறையைக் கார்ட்டூனில் வரும் பனிமனிதனைக் காட்டி விளக்கத் தொடங்குவது சரியான வழியாகாது. சாலையிலிருந்து தொடங்கினால் புனேக் குழந்தைக்கு அது உடனே விளங்கும். 2024 ஜூலை 25 அன்று, ஒரே நாளில் 100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, கடக்வாஸ்லா அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் முட்டா ஆறு பெருகி, சிங்ககட் சாலைப் பகுதியில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டது. பொதுவாக 1 சென்டிமீட்டர் மழைக்குரிய நீர், பனியாக விழுந்தால் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவியும் என்பதால், அன்றைய மழை பனியாகப் பெய்திருந்தால் 1 மீட்டருக்கு மேல், அதாவது சிறு பிள்ளையின் நெஞ்சளவுக்குத் தெருவை மூடியிருக்கும். மழைநீர் பள்ளத்தைத் தேடித் தானே ஓடி வடிந்துவிடுகிறது. பனியோ விழுந்த இடத்திலேயே கிடந்து, மிதிபட்டு, இறுகி, கண்ணாடிபோல் வழுக்குகிறது. ஆகவே அதை எந்திரங்களால் தள்ளி ஒதுக்கும்வரை பள்ளிப் பேருந்து நகர முடியாது.

தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் டொராண்டோவில், கடும்பனி நாள்களில் பேருந்து ஓடாது என்ற அறிவிப்பு விடியற்காலையிலேயே வந்துவிடும். பேருந்து நின்றாலும் பள்ளி திறந்தே இருக்கும் நாள்களும் உண்டு. 1999 ஜனவரியில் அந்நகரில் அடுத்தடுத்துப் பனி கொட்டியபோது, அதை அகற்ற ராணுவத்தையே அழைக்க வேண்டியதாயிற்று. தள்ளியபின் எஞ்சும் பனியின்மேல் தூவப்படும் உப்பின் வேலையைப் புனேயிலேயே கண்ணால் காணலாம். மரவாளியில் ஐஸ்கட்டியும் கல்லுப்பும் நிரப்பி, நடுவிலுள்ள பாத்திரத்தைக் கையால் சுழற்றி மாம்பழ ஐஸ்கிரீம் செய்யும்போது, ஐஸ் கரைந்துகொண்டே இருந்தும் வாளி சுழியத்துக்கும் கீழே குளிர்கிறது. உப்புக் கலந்த நீர் சுழியம் டிகிரியில் உறையாது என்ற அந்த இயல்புதான், சாலையில் பனியை இளக வைக்கிறது.

இந்தியாவின் பனிமலைகளில் விடுமுறை இப்படி நாள்நாளாக வருவதில்லை. ‘சில்லாய் கலான்’ எனப்படும், டிசம்பர் 21 முதல் 40 நாள் நீளும் கடுங்குளிரைத் தாங்கவேண்டிய காஷ்மீரிலும், இமாசலத்தின் உயர்ந்த பகுதிகளிலும், கோடைக்குப் பதில் குளிர்காலத்திலேயே பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை விடப்படுகிறது.

அந்த மலைப்பனிக்கும் புனேயின் மழைக்கும் உறவு உண்டு என்று முதலில் எடுத்துச் சொன்னவர், 1875இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டு. இமயத்தில் பனி மிகுந்த ஆண்டில் தென்மேற்குப் பருவமழை குறையக்கூடும் என்று அவர் 1884இல் எழுதினார்; வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்புவதாலும், அது உருகுவதற்கே வெப்பம் செலவாவதாலும், நிலம் சூடேறத் தாமதமாகி, கடற்காற்றை ஈர்க்கும் விசை தளர்கிறது என்பது இதற்குக் கூறப்படும் காரணம். இத்தொடர்பு எல்லா ஆண்டுகளிலும் ஒரே சீராக அமைவதில்லை என்று பின்னாளில் தெரியவந்தாலும், பருவமழையை முன்கூட்டிக் கணிக்கும் முயற்சி அந்தப் பனியை அளந்துதான் தொடங்கியது. 1928இல் அத்துறையின் தலைமையகம் சிம்லாவிலிருந்து புனேக்கு மாறியது. 1944இல் அது டெல்லிக்குப் போய்விட்ட பின்னும், சிவாஜிநகரில் கோபுரத்தோடு நிற்கும் அந்தக் கட்டடத்தை ஊரார் ‘சிம்லா ஆபீஸ்’ என்றே அழைக்கின்றனர். மழைக்கோட்டோடு அதன் எதிரே பேருந்துக்குக் காத்திருக்கும் குழந்தை, ‘மழைக்கார ஆபீசுக்குப் பனிமலையின் பெயர் எப்படி வந்தது’ என்று கேட்டால், பனி விடுமுறையின் கதையை அங்கிருந்தே தொடங்கிவிடலாம்.