சாலையோர மரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் கடைக்காரர் மனதில் இரண்டு எண்ணங்கள் எழும். லோடு லாரி தடையில்லாமல் வந்து போகும் என்பது ஒன்று. வாசலில் நிழல் தந்து நிற்கும் மரம் போய்விடுமே என்பது மற்றொன்று. இரண்டுமே நியாயமானவைதான். இந்த இரண்டுக்கும் இடையே மேற்கு வங்காளத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்த ஒரு வழக்கை நமது வணிகப் பெருமக்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

எல்லை வரை செல்லும் சாலை

கல்கத்தாவின் டம்டம் பகுதியிலிருந்து பராசத், ஹாப்ரா, பன்காவ் வழியாக வங்கதேச எல்லையிலுள்ள பெட்ராபோல் வரை செல்வது ஜெசூர் சாலை. இரு நாடுகளுக்கும் இடையே தரை வழியாக நடந்துவந்துள்ள வணிகத்தில் மதிப்பளவில் சுமார் 70 சதவீதம் பெட்ராபோல் வழியாகவே என்று அதிகாரிகள் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். 2016-ல் அங்கு ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியும் திறக்கப்பட்டது. சரக்கு லாரிகளின் நெரிசலை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வழியில் ரயில்வே கேட்டுகள் வேறு. கேட் விழுந்தால் வண்டிகள் வரிசையாக நிற்க வேண்டியதுதான்.

அந்தச் சாலையின் இருபுறமும் நாம் தூங்குமூஞ்சி மரம் என்று சொல்லும் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. பல மரங்கள் நூறு வயதைத் தாண்டியவை. ஒரு ஜமீன்தார் தம் தாயார் கங்கையில் நீராடச் செல்லும்போது வெயில் படாதிருக்க நட்டவை என்று அவ்வட்டாரத்தார் சொல்வார்கள். 1971-ல் அகதிகள் லட்சக்கணக்கில் வந்து சேர்ந்தபோது இந்தச் சாலையும் அதன் நிழலும் அவர்களுக்குப் புகலிடமாயின.

வழக்கு வந்த விதம்

சாலையை அகலப்படுத்தவும், ஐந்து ரயில்வே மேம்பாலங்கள் கட்டவும் அரசு திட்டமிட்டது. முழுச் சாலைக்கும் 4,000-க்கும் மேற்பட்ட மரங்கள் போகும் என்று பேச்சு எழுந்தது. 2017-ல் மரம் வெட்டும் வேலை தொடங்கியதும் உள்ளூர் மக்களும் மாணவர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மனித உரிமை அமைப்பொன்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தை நாடியது.

எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதிர்ந்த கிளை எப்போது முறிந்து விழுமோ என்று பயந்தவர்கள் உண்டு. நோயாளியை ஏற்றிய வண்டி ரயில்வே கேட்டில் நிற்பதைக் கண்டு பாலம் வேண்டும் என்றவர்களும் உண்டு.

2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்ட அனுமதித்தது. ஒரு மரத்துக்கு ஐந்து மரக்கன்றுகள் நட வேண்டும் என்பது நிபந்தனை. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்து, 2020 ஜனவரியில் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது.

ஒரு மரத்தின் வரவு

2021-ல் அந்தக் குழு கொடுத்த அறிக்கை வணிகர்களுக்கு மிகவும் பிடிக்கக் கூடியது. மரத்தின் மதிப்பை விறகு விலையாலும் பலகை விலையாலும் போடாமல், அது உயிரோடு நின்றால் ஆண்டுக்கு என்ன தருகிறது என்று பார்த்தார்கள். பிராணவாயுவுக்கு ரூ. 45,000, உரத்துக்கு ரூ. 20,000, இதர பயன்கள் என்று சேர்த்து ஆண்டுக்கு ரூ. 74,500 என மதிப்பிட்டார்கள். நூறு ஆண்டு நின்ற மரத்துக்கு இதைப் பெருக்கினால் ரூ. 74,50,000 வருகிறது. நூறு வயதைக் கடந்த பெரிய மரம் கோடி ரூபாய்க்கு மேலும் பெறும் என்றது அறிக்கை.

காற்றுக்கு விலை போடும் முறையில் வாதம் இருக்கலாம். ஆனால் ஒன்றை நாம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இதுவரை சாலை மதிப்பீடுகளில் மரம் வெட்டும் கூலி செலவாகவும், மரம் ஏலம் போன தொகை வரவாகவும் எழுதப்பட்டன. மரம் போவதால் வரும் நஷ்டம் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. சரக்கு குறைந்ததை எழுதாத பேரேட்டை நாம் ஏற்போமா?

கடைசியில் 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற உத்தரவை உறுதி செய்து, மரங்களை வெட்ட வழிவிட்டது. மக்களின் பாதுகாப்புக்குப் பாலம் தேவை என்ற வாதமே வென்றது.

நமக்கு என்ன பாடம்?

2018-லிருந்து 2023 வரை ஏறக்குறைய நான்கரை ஆண்டுகள் பாலமும் எழவில்லை, மரங்களின் கதியும் தெளிவாகவில்லை. அதுவரை கேட்டில் காத்திருந்தது லாரிகளும் அவற்றின் சரக்கும்தான். வரைபடம் போடும்போதே மக்களைக் கூப்பிட்டுப் பேசியிருந்தால், எந்த மரத்தை விட்டுச் செல்லலாம், எங்கே சாலையைச் சற்றே வளைக்கலாம் என்று பல விஷயங்களில் உடன்பாடு கண்டிருக்கலாம் அல்லவா?

நமது பஜார்களிலும் புதுச் சாலை, நடைபாதை, வடிகால் என்று வேலைகள் வந்துகொண்டேயிருக்கின்றன. தமிழ்நாட்டில் பொது இடத்து மரங்களை வெட்டும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. மரத்தில் எண் எழுதிய மறுநாளே நமது சங்கங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலாவதாக, திட்ட வரைபடத்தைக் கேட்டுப் பெற்று, மரங்களை நாமே எண்ணி, சுற்றளவோடு பட்டியல் எடுக்க வேண்டும். இரண்டாவதாக, மாற்று வழி உண்டா என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். மூன்றாவதாக, வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், பதில் கன்றுகளை எங்கோ ஊருக்கு வெளியே நடாமல், அதே தெருவில் நடச் சொல்ல வேண்டும். அந்தக் கன்றுக்குக் கூண்டு வைப்பதும், தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதும் கடைக்காரர் பொறுப்பாக இருக்கட்டும். அந்த ஜெசூர் சாலைக்கு விதித்தபடி 356 மரங்களுக்கு 1,780 கன்றுகள் என்பது காகிதத்தில் எழுத எளிது. கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

வெயில் நேரத்தில் நிழலில்லாத கடைவீதியில் வாடிக்கையாளர் நின்று விலை கேட்க மாட்டார். சாலை வேண்டும் என்று கேட்பதும், மரம் வேண்டும் என்று கேட்பதும் நமக்கு ஒரே வியாபாரத்தின் இரு பக்கங்களே. இரண்டையும் சேர்த்தே கேட்போம்.